இரும்பில் நனோ ஒட்சைட்டு வளர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் இந்தத் தலைப்பைச் செயற்றிட்டமாக எடுக்கும் மாணவர்களும் உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியை மாற்றவில்லை. முதற்பகுதி சாதாரண உலையில் இரும்புத் தகட்டின்மேல் வளர்ப்பது பற்றியது. 15ஆம் கேள்வியிலிருந்து அதிவெற்றிடத்தில் பிளாற்றினத்தின்மேல் வளர்ப்பது வருகிறது. கெல்வின் என்று சொல்லாத இடங்களில் பாகை என்பது செல்சியஸ்.

1. இரும்பில கறள் பிடிக்கிறதுதானே சேர் இது? இதில நனோ எங்க வந்தது?

கறள் என்பது தண்ணீரும் ஒட்சிசனும் சேர்ந்து செய்யும் வேலை. துறைமுகத்து நங்கூரச் சங்கிலியில் நீங்கள் காணும் செம்மஞ்சள் தூளில் பெரும்பகுதி நீரேறிய ஒட்சைட்டு: கோதைற்று, லெப்பிடோகுரோசைற்று போன்றவை. அது பொருமி, வெடித்து, உதிரும். அடியில் உள்ள இரும்பைக் காப்பாற்றாது.

நாம் செய்வது சூடான உலர் காற்றில் நடக்கும் ஒட்சியேற்றம். சரியான வெப்பநிலையில் மேற்பரப்பில் 20 முதல் 100 நனோமீற்றர் தடிப்பும் சில மைக்ரோமீற்றர் நீளமும் கொண்ட கம்பிகளோ, மெல்லிய இதழ்களோ முளைக்கும். கண்ணுக்கு அது வெறும் மங்கலான செந்நிறப் படையாகத்தான் தெரியும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வெட்டாத புல்வெளி.

2. எத்தினை இரும்பு ஒட்சைட்டு இருக்கு? எல்லாத்தையும் பாடமாக்க வேணுமா?

நான்கைத் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதும். வுஸ்டைற்றில் இரும்பு பெரும்பாலும் +2 ஏற்ற நிலையில் இருக்கும். மக்னற்றைற்றில் இரண்டும் மூன்றும் கலந்திருக்கும். கறுப்பு, காந்தம் நன்றாக இழுக்கும். ஹெமற்றைற்றில் எல்லாம் மூன்று, சிவப்பு. மக்ஹெமைற்றிலும் எல்லாம் மூன்றுதான், ஆனால் பளிங்கமைப்பு மக்னற்றைற்றை ஒத்தது. அதனால்தான் அந்த இரண்டையும் பிரித்தறிவது தலையிடி.

ஒரு எண்ணை மட்டும் பாடமாக்குங்கள்: 570 பாகை. வுஸ்டைற்று அதற்கு மேலேதான் உறுதியாக இருக்கும். கீழே மெதுவாக ஆறவிட்டால் இரும்பாகவும் மக்னற்றைற்றாகவும் பிரிந்துவிடும். 10ஆம் கேள்விக்கு இது தேவைப்படும்.

3. ஹார்ட்வெயார் கடைத் தகடு போதாதா? நூல் பிடிச்ச மாதிரி தூய இரும்பு எண்டு கேட்டால் எங்க போறது?

கடையில் "தகரம்" என்று தருவது பெரும்பாலும் நாகப் பூச்சுத் தகடு. அதை உலையில் வைக்கவே கூடாது. நாகம் 420 பாகையளவில் உருகும். அதன் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் நடுக்கம் வரும். வளர்வதும் நாக ஒட்சைட்டு ஊசிகளாக இருக்கலாம். அதுவும் நனோக்கம்பி போலவே தெரியும் என்பதால் முழுச் செயற்றிட்டமும் தவறான பொருளில் முடியும். துருப்பிடிக்கா உருக்கிலும் ஆகாது. அதில் குரோமியம் முந்திக்கொண்டு காப்புப் படை போட்டுவிடும்.

பூச்சில்லாத மென்னுருக்கில் பயிற்சி எடுக்கலாம். அதிலுள்ள காபன் எரிந்து வாயுவாக வெளியேறும்போது ஒட்சைட்டுப் படை கொப்பளிக்கும் என்பதை மட்டும் எதிர்பார்த்திருங்கள். அறிக்கையில் எழுதும் அளவீடுகளுக்கு 99.5 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மையான, 0.25 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டை இரசாயனப் பொருள் விற்பவரிடம் எடுப்பிப்பதே வழி. 10 மில்லிமீற்றர் சதுரங்களாக வெட்டினால் சின்னத் தகடு ஒன்றே ஒரு செயற்றிட்டத்துக்குக் காணும்.

4. கழுவுறதுக்கு கிணத்துத் தண்ணி சரிவராதா? அமிலத்தில போட்டா சுத்தமாகுமே?

கடலுக்குக் கிட்ட உள்ள கிணறு என்றால் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, நைத்திரிக் அமிலம் இரண்டு துளி, வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விட்டுப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைட்டு. இந்தப் பக்கத்தில் குளோரைட்டைப் பற்றி அடிக்கடி குறைசொல்வோம், காரணம் 9இல் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரையோ அயன் நீக்கிய நீரையோ மட்டும் பாவியுங்கள். அதையும் இதே துளியால் ஒருமுறை சோதியுங்கள்.

ஒழுங்கு இதுதான். 400, 800, 1200, 2000 இலக்க வோட்டர் பேப்பரில் முறையே தேயுங்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் தகட்டை 90 பாகை திருப்பி, முந்தைய கீறல்கள் மறையும்வரை. பிறகு அசற்றோனில் 10 நிமிடம், எதனோலில் 10 நிமிடம், மீயொலித் தொட்டி இருந்தால் அதற்குள். நீரில் அலசி, கடைசியாக மீண்டும் எதனோல். உடனே ஊதி உலர்த்துங்கள். எதனோல் ஆவியாகும்வரை மேசையில் கிடக்கவிட்டால் வட்டக் கறை விழும், அந்த வட்டம் உலையிலிருந்து வந்த பிறகும் தெரியும்.

ஐதரோக்குளோரிக் அமிலத்தில் தோய்ப்பது பல செய்முறைகளில் இருக்கிறது. நன்றாகத் தேய்த்த தகட்டுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. குளோரைட்டைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு நாமே குளோரைட்டுக்குள் முக்குவானேன்? இனித் தகட்டைக் கையால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புத்தான். சாவணம் பாவியுங்கள்.

5. சரி, எத்தினை டிகிரி, எத்தினை மணித்தியாலம்?

எதை வளர்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 260 முதல் 400 பாகைக்குள் மெல்லிய இதழ்கள் வரும். நல்ல சூட்டுத் தட்டு ஒன்றே இதற்குப் போதும். உலை இல்லாத பாடசாலை ஆய்வுகூடத்துக்கு இது வசதி. அதற்கு மேலே போகப்போக இதழ்கள் வாள் வடிவமாகக் குறுகும். 600 முதல் 700க்குள் கம்பிகள். 800ஐத் தாண்டினால் கம்பிகள் குறைந்து பருத்த மணிகள் (ஒட்சைட்டு நுண்பளிங்குகள்) தலைதூக்கும். எல்லைகள் கூர்மையானவை அல்ல. தகட்டின் தூய்மை, முரடு, காற்றோட்டம் எல்லாம் 50 பாகை வரை இழுத்துவிடும்.

முதற் தடவைக்கு இப்படித் தொடங்குங்கள்: அலுமினாப் புடக்குகையில் தகட்டைச் சாய்த்து நிறுத்தி (படுக்கவைத்தால் அடிப்பக்கத்துக்குக் காற்றுப் போகாது), நிமிடத்துக்கு 10 பாகை வீதம் 600க்கு ஏற்றி, 3 மணித்தியாலம் வைத்து, உலையைத் திறக்காமல் 100க்குக் கீழே வரும்வரை ஆறவிடுங்கள். உலைக் கதவுப் பலகத்தில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். தகட்டுக்குப் பக்கத்தில் கே வகை வெப்பவிணை ஒன்றை வைத்து ஒருமுறையாவது ஒப்பிடுங்கள்.

முன்னும் பின்னும் நிறுத்துக்கொள்ளுங்கள். ஹெமற்றைற்றுப் படை ஒரு மைக்ரோமீற்றர் தடித்தால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.16 மில்லிகிராம் எடை கூடும். தகட்டுக்கு இரண்டு முகம் என்பதை மறந்து தடிப்பை இரட்டிப்பாகக் கணித்தவர்கள் பலர்.

6. என்ர தகடு நல்ல நீலமா வந்திட்டு. அப்ப சரிதானே?

சரியில்லை. அது மெல்லிய படையில் ஒளி தலையிட்டுத் தரும் நிறம். உருக்கைப் பதப்படுத்தும் கொல்லர் பார்க்கும் அதே நிறம்தான். 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சள், பிறகு கபிலம், ஊதா, 300 அளவில் நீலம். படை சில பத்து நனோமீற்றர் தடித்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். குறைந்த வெப்பத்தில் கூடிய நேரம் வைத்தாலும் அதே நீலம் வரும். கம்பி வளர்ந்த தகட்டில் பளபளப்பே இருக்காது. பாசி படர்ந்தாற்போல மங்கிய செங்கபிலம்.

7. நுனியில ஒரு ஊக்கித் துளியும் இல்லாம கம்பி எப்பிடித் தானா முளைக்குது?

பாடப்புத்தகப் படங்களில் கம்பியின் உச்சியில் ஒரு தங்கத் துளி இருக்கும், அதன் வழியே பொருள் இறங்கி வளரும். இங்கே அப்படி இல்லை. நுணுக்குக்காட்டியில் நுனி வெறுமையாகத்தான் இருக்கும். படைகளின் ஒழுங்கைப் பாருங்கள்: அடியில் இரும்பு, அதன்மேல் (570க்கு மேல் என்றால்) வுஸ்டைற்று, பிறகு மக்னற்றைற்று, உச்சியில் மெல்லிய ஹெமற்றைற்று. மக்னற்றைற்று ஹெமற்றைற்றாக மாறும் எல்லையில் கனவளவு கூடும். அதனால் மேற்படை நெருக்குண்டு நிற்கும். நெருக்கம் தாங்காத இரும்பு, மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகள் வழியாக வெளியே பிதுங்கும். மேற்பரப்பில் நகர்ந்து கம்பியின் பக்கவாட்டில் ஏறி நுனியில் ஒட்சிசனைச் சந்திக்கும்.

இந்த விளக்கத்துக்கு ஆதரவான ஒரு சான்று: மணல் வீச்சுக் கொடுத்து முரடாக்கிய தகட்டில் கம்பிகள் அடர்த்தியாக வளர்கின்றன. மணிகள் சிறுத்து, பாதைகள் கூடுவதே காரணமாகச் சொல்லப்படுகிறது. 800க்கு மேலே கம்பி குறைவதும் இதனுடன் பொருந்தும். அங்கே இரும்பு மணியின் உடலுக்குள்ளாலேயே இலகுவாக வரும், எல்லையைத் தேடிப்போகத் தேவையில்லை.

8. உலையைத் திறந்தா செதில் செதிலாக் கழண்டு விழுது. என்ன பிழை?

அவசரம். இரும்பு முழுக்க ஹெமற்றைற்றானால் கனவளவு 2.1 மடங்காகும். அந்தப் படை ஏற்கெனவே நெருக்கத்தில் நிற்கிறது. ஆறும்போது இரும்பும் ஒட்சைட்டும் வேறுவேறு அளவில் சுருங்க, இடைமுகம் அறுந்துவிடும். 300இல் கதவைத் திறந்துபார்க்கும் ஆவலை அடக்குங்கள். அதன் பிறகும் கழன்றால் நேரத்தைப் பாதியாக்குங்கள். தடித்த படைதான் முதலில் விழும். தகட்டின் ஓரங்களில் மட்டும் கழன்றால் அது வெட்டும்போது விட்ட பிசிர். ஓரத்தையும் தேய்த்துவிடுங்கள்.

விழுந்த செதிலை வீசவேண்டாம், அதன் உடைந்த முகம் குறுக்குவெட்டுப் படம் எடுக்க மிக நல்லது. தூளை மட்டும் ஊதிப் பறக்கவிடாதீர்கள். முகக்கவசம் போட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

9. வளர்த்து வைச்ச மாதிரியில ஒரு கிழமைக்குள்ள செம்மஞ்சள் புள்ளி வருது. மழைக்காலத்தில இன்னும் மோசம். ஏன்?

கடற்காற்று. மற்ற ஊர்ச் செய்முறைகளை அப்படியே இங்கே செய்ய முடியாமல் போவதற்கு முதற்காரணம் இதுதான். கடலுப்பு என்றால் கறியுப்பு மட்டுமல்ல. கறியுப்பு 75 சதவீத ஈரப்பதனில்தான் கசிந்து கரைசலாகும். ஆனால் கடலுப்பில் உள்ள மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். கச்சான் வீசி உதடு வெடிக்கும் நாளிலும் திருகோணமலைக் காற்று அவ்வளவு உலராது. ஆகவே தகட்டில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத உப்புப் பொட்டு எப்போதும் ஒரு துளி உப்புநீராகவே இருக்கும். ஒட்சைட்டுப் படையில் ஒரு வெடிப்புக் கிடைத்தால் துளி இரும்பைத் தொட்டுவிடும். அங்கே வளரும் செம்மஞ்சள் பொருளில், குளோரைட்டைத் தன் அமைப்புக்குள்ளேயே பிடித்துவைத்திருக்கும் அகாகனைற்று இருக்கலாம். வாடைக் காற்றில் புள்ளிகள் கூடுவது அதிசயமல்ல.

செய்யவேண்டியது: உலையிலிருந்து 80 பாகையளவில் எடுத்து, நீலமாகக் காய்ச்சிய சிலிக்கா ஜெல் உள்ள டெசிகேற்றருக்குள் (ஈரம் புகாத மூடிப் பாத்திரத்துக்குள்) நேரே வையுங்கள். ஜெல் வெளிறினால் 120 பாகையில் காய்ச்சுங்கள். நிறக்காட்டி ஏறிய ஜெல்லை அதற்கு மேல் காய்ச்சினால் நிறம் கெட்டுவிடும். தேய்த்த தகட்டை இரவு முழுக்க யன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் உலையில் போடுவதும் இதே பிழைதான். அதில் உப்பு, உலைக்குள் போகுமுன்பே ஏறிவிட்டது. தேய்த்த அன்றே சுடுங்கள்.

ஈரக் காற்று உலைக்குள்ளும் வேலை காட்டும். நீராவி ஒட்சியேற்றத்தின் வேகத்தையும் கம்பியின் வடிவத்தையும் மாற்றும். அன்றைய ஈரப்பதனைக் குறிப்பேட்டில் எழுதாமல் இரண்டு மாதத்து முடிவுகளை ஒப்பிடாதீர்கள்.

10. ஹெமற்றைற்று வளர்த்தேன், எக்ஸ்.ஆர்.டியில மக்னற்றைற்று வருது. பிழைச்சுப்போச்சா?

பிழைக்கவில்லை, 7இல் சொன்ன அடுக்குத்தான் தெரிகிறது. எக்ஸ்.ஆர்.டி என்பது எக்ஸ் கதிர் பளிங்கில் எந்தக் கோணங்களில் திரும்புகிறது என்று அளந்து பளிங்கின் வகையை அறியும் முறை. அந்தக் கதிர் பல மைக்ரோமீற்றர் உள்ளே போகும். கம்பிகளோ மொத்தப் பொருளில் சிறு பங்கு. வேகமாக ஆறவிட்டிருந்தால் வுஸ்டைற்றும் மீந்திருக்கும். மெதுவாக ஆறியிருந்தால் அது மக்னற்றைற்றாக மாறி அந்த உச்சத்தையே இன்னும் உயர்த்தும்.

செம்புக் குழாயின் எக்ஸ் கதிரில் 33.2 பாகைக் கோணத்தில் வருவது ஹெமற்றைற்றுக்கே உரியது, 30.1இல் வருவது மக்னற்றைற்று வகையைச் சேர்ந்தது. 35.4க்கும் 35.6க்கும் இடையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். 44.7 அடியிலுள்ள இரும்பு. பின்னணி உயர்ந்து தெரிந்தால் கருவி பழுதல்ல: செம்புக் கதிரின் சக்தி இரும்பு அணுவைக் கிளறித் தானே ஒளிர வைக்கப் போதுமானது. கோபால்ற்றுக் குழாய் உள்ள கருவியில் அந்தத் தொல்லை இல்லை. மேற்படையை மட்டும் பார்க்கவேண்டும் என்றால் சாய்கோண அளவீடு (கதிரைப் பரப்போடு ஒட்டிய சிறு கோணத்தில் விழவிடுவது) கேளுங்கள்.

11. ஈ.டி.எக்ஸில ஒட்சிசன் 60, இரும்பு 40 எண்டு வந்திட்டு. ஹெமற்றைற்று எண்டு எழுதலாந்தானே?

எழுதக்கூடாது. ஈ.டி.எக்ஸ் என்பது இலத்திரன் கற்றை பட்ட இடத்தில் எந்த மூலகம் எவ்வளவு என்று காட்டும் கருவி. ஹெமற்றைற்றில் ஒட்சிசன் அணுக்கள் 60 சதவீதம், மக்னற்றைற்றில் 57.1. ஒட்சிசன் போன்ற இலேசான மூலகத்தை அளப்பதில் அந்தக் கருவிக்குள்ள வழு இந்த மூன்று சதவீதத்தை விடப் பெரிது. 20 கிலோவோல்ற்றில் கற்றை மைக்ரோமீற்றர் அளவுக்கு உள்ளே போவதால் அடுக்கு முழுவதையும் கலந்துதான் காட்டும். ஈ.டி.எக்ஸ் வேறொன்றுக்கு அருமையானது: சோடியம், குளோரின், நாகம், குரோமியம் இருக்கிறதா என்று பார்க்க. 3இலும் 9இலும் சொன்ன களவாளிகள் அங்கே பிடிபடுவார்கள்.

12. ராமனில முதல்தரம் மக்னற்றைற்று, அதே இடத்தில திரும்ப எடுத்தா ஹெமற்றைற்று. எது உண்மை?

முதல் தரம்தான். ராமன் கருவி லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியிலிருந்து பொருளை அடையாளம் காணும். இரண்டாவதை அந்த லேசரே செய்தது. குவித்த லேசர் மக்னற்றைற்றைக் காற்றில் சுட்டு ஹெமற்றைற்றாக்கிவிடும். கம்பிகளில் வெப்பம் கீழே இறங்க வழி குறைவு என்பதால் இன்னும் சுலபமாகச் சுடும். மாதிரியில் விழும் வலு 1 மில்லிவாற்றுக்குக் கீழே இருக்கட்டும். 0.2இல் தொடங்கி, நேரத்தைக் கூட்டுங்கள், வலுவைக் கூட்டாதீர்கள். அளந்தபின் அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். சிவந்த பொட்டு இருந்தால் தரவைத் தள்ளிவிடுங்கள்.

ஹெமற்றைற்றுக்கு 225, 292, 411, 612 செ.மீ⁻¹ உச்சங்களும் 1320 அளவில் அகன்ற பெரிய உச்சமும் வரும். மக்னற்றைற்றுக்கு 668 அளவில் ஒன்றே பிரதானம். மக்ஹெமைற்று 350, 500, 700 அளவுகளில் அகன்று கிடக்கும். 660 அளவில் சிறு மேடு மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் ஹெமற்றைற்றாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஒழுங்கு குலைந்த ஹெமற்றைற்றும் அங்கே ஒரு மேடு காட்டும்.

13. காந்தத்தை வைச்சுப் பாத்தாலே தெரியாதா?

அடியில் இரும்புத் தகடு இருக்கும்வரை காந்தம் எதையும் இழுக்கும். சுரண்டி எடுத்தாலும் மக்னற்றைற்றுச் சேர்ந்தே வரும்.

14. புல்மோட்டை மண்ணில இரும்பு இருக்குத்தானே, அதிலயிருந்து செய்தா உள்ளூர்ச் செயற்றிட்டமா இருக்குமே?

ஆசை நல்லது. ஆனால் புல்மோட்டைக் கருமணலின் பிரதான கனிமம் இல்மனைற்று. அதில் ஒரு இரும்புக்கு ஒரு தைத்தேனியம் என்ற கணக்கில் இருக்கும். அதைப் பிரித்து எடுப்பதே தனிச் செயற்றிட்டம். ஹெமற்றைற்றுக்குள் சிறிதளவு தைத்தேனியம் சேர்த்தால் மின்கடத்துதிறன் கூடும் என்பதும், சூரிய ஒளியில் நீரைப் பிரிக்கும் மின்வாய்களுக்கு அது பயன்படுத்தப்படுகிறது என்பதும் உண்மை. அங்கே சேர்ப்பது சில சதவீதம், அளந்து. மணலைத் தூவிச் சுடுவது அதுவாகாது.

மாதிரிகளைப் பார்க்க எங்கே அனுப்புவது என்பதும் இதோடு சேர்த்துக் கேட்கப்படும். ஹோமாகமவிலுள்ள சிலின்டெக் (இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடங்களில் கட்டணத்துக்கு அளந்து தருவார்கள். அனுப்பும்போது ஒவ்வொரு தகட்டையும் ஓரத்தில் மட்டும் பிடித்துநிற்கும் சிறு பெட்டியில் வைத்து, ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பையில் மூடுங்கள். பஞ்சில் சுற்றினால் கம்பி முழுவதும் பஞ்சோடு போய்விடும்.

15. தகட்டிலயே வளருது, பிறகேன் பிளாற்றினத்தில வளர்க்கினம்? காசு கூடினதாலயா?

இரும்புத் தகட்டில் அடி, நடு, மேல் எல்லாமே இரும்பு. கணத்துக்குக் கணம் அடியிலிருந்து இரும்பு வந்துகொண்டே இருக்கும். ஒட்சைட்டின் ஒரு அணுப்படை எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கே கேட்கவே முடியாது. பிளாற்றினம் தான் ஒட்சியேறாமல் நிற்கும், வெற்றிடத்தில் திரும்பத் திரும்பச் சுத்தமாக்கலாம், (111) என்று இலக்கமிட்ட பளிங்கு முகத்தில் வெட்டிய ஒற்றைப் பளிங்கில் அணுக்கள் அறுகோண ஒழுங்கில் 0.277 நனோமீற்றர் இடைவெளியில் வரிசையாக இருக்கும். அதன்மேல் எத்தனை இரும்பு போட்டோமோ அத்தனைதான். தங்கம், வெள்ளியிலும் செய்கிறார்கள். பெர்லினிலுள்ள ஃபிரிட்ஸ் ஹாபர் நிறுவனத்தில் இந்தத் துறையில் நெடுங்காலம் வேலை நடந்தது.

16. ஒரே ஒரு அணுப்படை எப்பிடிப் போடுறது? வெற்றிடம் ஏன் அவ்வளவு வேணும்?

10⁻⁶ மில்லிபாரில் ஒரு பரப்பை அழுக்கு வாயு மூட ஒருசில விநாடிகளே போதும். 10⁻¹⁰இல் மணித்தியாலக் கணக்கு ஆகும். வேலை செய்ய அந்த நேரம் தேவை, அவ்வளவுதான்.

முதலில் பளிங்கை ஆகன் அயன்களால் 1 கிலோ இலத்திரன்வோல்ற்றில் 15 நிமிடமளவு தாக்கி, 1000 கெல்வினுக்கு மேல் சூடாக்கி, இடையில் சிறிது ஒட்சிசனில் சுட்டு காபனை எரித்து, இதைப் பல சுற்றுச் செய்வார்கள். பிறகு அறை வெப்பநிலையில் ஒரு அணுப்படை இரும்பை ஆவியாக்கிப் படியவிட்டு, 10⁻⁶ மில்லிபார் ஒட்சிசனில் ஏறத்தாழ 1000 கெல்வினில் ஒன்றிரண்டு நிமிடம். ஒட்சிசனை விட்டபின்தான் சூடாக்க வேண்டும். ஒழுங்கை மாற்றினால் இரும்பு பிளாற்றினத்துக்குள் கரைந்து கலப்புலோகமாகிவிடும், மேலே ஒன்றும் மிஞ்சாது. "போட்ட இரும்பு எங்கே போனது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

கிடைப்பது கீழே இரும்பு, மேலே ஒட்சிசன் என்ற ஈரடுக்கு. முதல் ஒன்றிரண்டு படைவரை இப்படித் தட்டையாக வளரும். அதன்பின் மக்னற்றைற்றுத் தீவுகள் எழும்பும். படியவிடுதலையும் 900 கெல்வினளவில் ஒட்சியேற்றலையும் மாறிமாறிச் செய்தால் அவை சேர்ந்து முழுப் படையாகும். அதை ஹெமற்றைற்றாக்க 10⁻⁶ மில்லிபார் ஒட்சிசன் காணாது, நூறு மடங்குக்கு மேல் கூட்டவேண்டும்.

17. லீட் படத்தில ஒரு புள்ளியைச் சுத்தி ஆறு குட்டிப் புள்ளி. பளிங்கு ஊத்தையா?

ஊத்தையல்ல, நீங்கள் வளர்த்தது அழகாக வந்திருக்கிறது. லீட் என்பது மெதுவான இலத்திரன்களைப் பரப்பில் தெறிக்கவிட்டு அணு ஒழுங்கைப் புள்ளிகளாகக் காட்டும் முறை. ஒட்சைட்டில் அணு இடைவெளி ஏறத்தாழ 0.31 நனோமீற்றர், கீழே 0.277. எட்டு ஒட்சைட்டு இடைவெளியும் ஒன்பது பிளாற்றின இடைவெளியும் அண்ணளவாக ஒரே நீளம், 2.5 நனோமீற்றர். கொசுவலை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் தெரியும் பெரிய கட்டங்கள்தான் இங்கே 2.5, 2.6 நனோமீற்றரில் தெரிகின்றன. எஸ்.ரி.எம் (பரப்பைக் கூர் ஊசியால் அணு அணுவாக வருடும் நுணுக்குக்காட்டி) படத்திலும் அதே அலைமேடுகளைக் காண்பீர்கள்.

ஒட்சைட்டுப் புள்ளிகளுக்கு நடுவே பாதித் தூரத்தில் புதிய புள்ளி வந்தால் மக்னற்றைற்று (ஒழுங்கு திரும்பவரும் இடைவெளி 0.594 நனோமீற்றர்). 30 பாகை திரும்பிய புள்ளிகள் வந்தால் ஹெமற்றைற்று (0.503).

18. எக்ஸ்.பி.எஸில எடுக்கமுதல் ஆகனால சுத்தமாக்கினேன், இரண்டு ஏற்ற இரும்பு வருது. அப்ப என்ர ஹெமற்றைற்று ஹெமற்றைற்று இல்லையா?

எக்ஸ்.பி.எஸ் என்பது எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் இலத்திரன்களின் சக்தியிலிருந்து மூலகத்தையும் அதன் ஏற்றத்தையும் அறியும் முறை. ஆகன் அயன் ஒட்சிசனை முன்னுரிமையாகத் தட்டிவிடும். மூன்று ஏற்றத்திலிருந்த இரும்பு இரண்டுக்கு இறங்கும். சுத்தமாக்கியதே பரிசோதனையைக் கெடுத்தது. காற்றில் வளர்த்த மாதிரியை அப்படியே அளந்து, காபன் உச்சத்தை 284.8 இலத்திரன்வோல்ற்றில் நிறுத்தித் திருத்துங்கள். வெற்றிடத்தில் வளர்த்ததற்குப் பிளாற்றினத்தின் 71.1 உச்சமே நல்ல உசாத்துணை.

இரும்பின் 2பி உச்சம் உலோகத்துக்கு 707, இரண்டு ஏற்றத்துக்கு 709.5 அளவு, மூன்றுக்கு 711 அளவு. கடைசி இரண்டும் நெருங்கியவை என்பதால் துணை உச்சத்தைப் பாருங்கள்: மூன்று ஏற்றம் மட்டும் என்றால் 719 அளவில் தெளிவான மேடு, இரண்டு மட்டும் என்றால் 715 அளவில். மக்னற்றைற்றில் இரண்டும் கலந்து நடுப்பகுதி தட்டையாகிவிடும். மேடே இல்லாததுதான் அங்கே அடையாளம். கூடவே 1072இலும் 199இலும் ஒருமுறை பாருங்கள். சோடியமும் குளோரினும் தெரிந்தால் 9ஆம் கேள்விக்குத் திரும்புங்கள்.

19. மெல்லிய படையில எஸ்.ரி.எம் நல்லா வேலைசெய்யுது, தடிச்ச ஹெமற்றைற்றில ஊசி மோதுது. ஏன்?

எஸ்.ரி.எம்முக்கு மின்னோட்டம் தேவை. ஈரடுக்குப் படையினூடாக இலத்திரன் பிளாற்றினத்துக்குத் தாவிவிடும். மக்னற்றைற்று அறை வெப்பநிலையில் கடத்தும். ஹெமற்றைற்றுக்கு ஏறத்தாழ 2.1 இலத்திரன்வோல்ற் சக்தி இடைவெளி உண்டு, இலத்திரன் அதைத் தாண்டினால்தான் கடத்தும். சிறு மின்னழுத்தத்தில் ஓட்டம் வராததால் கருவி ஊசியை இன்னும் கிட்டக் கொண்டுபோய் மோதும். மின்னழுத்தத்தை அந்தச் சக்தி இடைவெளிக்கு மேலே உயர்த்துங்கள், இல்லையேல் ஏ.எஃப்.எம்முக்கு (மின்னோட்டத்துக்குப் பதிலாக ஊசிமீதான விசையை அளக்கும் கருவிக்கு) மாறுங்கள். கம்பிகள் நிற்கும் தகட்டுக்கு இரண்டும் ஆகாது. அங்கே 5 முதல் 10 கிலோவோல்ற்றில், மாதிரியை 45 பாகை சாய்த்து எடுக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படமே போதும். நேர் மேலிருந்து எடுத்தால் கம்பி வெறும் பொட்டாகத் தெரியும்.

20. வெற்றிடத்தில பாத்த அந்த ஈரடுக்கு வெளியில வந்தாலும் அப்பிடியே இருக்குமா?

இராது. ஒட்சிசன் அமுக்கத்தைச் சில பத்து மில்லிபாருக்கு உயர்த்தி 450 கெல்வினில் வைத்தால் இன்னொரு ஒட்சிசன் படை இரும்புக்கும் பிளாற்றினத்துக்கும் இடையே புகுந்து, ஒட்சிசன், இரும்பு, ஒட்சிசன் என மூவடுக்காகும். காபனோரொட்சைட்டை எரிப்பதில் இந்த மூவடுக்கு அந்த வெப்பநிலையில் வெறும் பிளாற்றினத்தை விடவும் வேகமாக வேலை செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஒட்சிசன் குறைந்து காபனோரொட்சைட்டு மிகுந்தால் மீண்டும் ஈரடுக்குக்கு இறங்கும்.

ஆகவே "என்ன ஒட்சைட்டு?" என்று யாராவது கேட்டால் வெப்பநிலையும் அமுக்கமும் சேர்த்தே விடை சொல்லுங்கள். வெளியே எடுத்த மாதிரியை அளந்திருந்தால், எத்தனை நிமிடம் காற்றில் இருந்தது, அன்றைய ஈரப்பதன் எவ்வளவு என்பதும் அட்டவணையில் ஒரு நிரலாக இருக்கட்டும்.